பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கியவர்: துன் வீ.தி. சம்பந்தன்

பிரிக்பீல்ட்ஸ் வழியாகப் போகிறவர்கள் ஒரு நாளில் பலமுறை அவர் பெயரைச் சொல்கிறார்கள். பூக்கடைக்கு வழி கேட்டால் ஜாலான் துன் சம்பந்தன் என்கிறார்கள். மோனோரயிலில் ஏறினால் துன் சம்பந்தன் என்று ஒரு நிலையமே இருக்கிறது. பழைய ஜாலான் பிரிக்பீல்ட்ஸ்தான் அவர் மறைவுக்குப் பின் இந்தப் பெயரைப் பெற்றது. ஆனால் அந்தப் பெயருக்குரியவர் யார், எதற்காக அவர் பெயரை இங்கே வைத்தார்கள் என்று இளையவர்களிடம் கேட்டால், முன்னாள் ம.இ.கா. தலைவர் என்ற அளவோடு பதில் நின்றுவிடும். அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் கட்சித் தலைவர்கள் பலர் வந்துபோனார்கள். தோட்டப் பாட்டாளிக்கு இந்த நாடு நன்றிக்கடன் பட்டிருக்கிறது என்பதை மேடையில் பேசியதோடு விடாமல், அந்தக் கடனை ஏக்கர் கணக்கில் தீர்க்கப் பார்த்தவர் என்று அவர்களில் ஒருவரைத்தான் சொல்ல முடியும்.

அந்தப் பெயர் இந்த இடத்துக்கு வந்ததிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் உழைப்பாளிகளால் உருவான பகுதி. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகளை அழித்த பிறகு, நகரத்தைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று முடிவானது. அதற்கான செங்கல் சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். அடுத்து ரயில் வந்தது. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886இல் முதல் ரயில் ஓடியது. 1890இல் ஆற்றின் மேல் பாலம் கட்டியதும் தண்டவாளம் கிள்ளானுக்குள்ளேயே போனது. 1901இல் போர்ட் ஸ்வெட்டன்ஹம் துறைமுகம் திறந்தது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான். அந்தத் தண்டவாளத்தில் கல் கொட்டியவர்கள், பொதுப்பணி இலாகாவின் சாலைகளில் தார் ஊற்றியவர்கள், நகராண்மைக் கழகத்தின் வாளிகளைச் சுமந்தவர்கள் என்று பார்த்தால் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்தான். அவர்களில் ரயில்வேக்காரர்களுக்காகக் கட்டிய குவார்ட்டர்ஸ் வீடுகள் பிரிக்பீல்ட்ஸில் நூறாண்டுக் காலம் நின்றன. 'நூறு குவார்ட்டர்ஸ்' என்றால் பழைய ஆட்களுக்கு இன்றும் தெரியும்.

நகரத்தின் இந்த வசதிகளுக்கெல்லாம் பணம் பெருமளவில் ரப்பரிலிருந்து வந்தது. ஏற்றுமதியாகும் ரப்பர் மேல் விழுந்த வரி, பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் சாலையாகவும் மாறியது. விடிவதற்கு முன் பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாக நிறைக்குப் போனவர், தான் சீவிய பட்டையிலிருந்து சொட்டியது எங்கே போய் எதுவாக மாறுகிறது என்று அறிந்ததில்லை. அறிந்தவர்களும் அவருக்குச் சொல்லவில்லை.

அந்த மனிதர் எப்படி நடத்தப்பட்டார் என்பதற்குக் கிள்ளானே சாட்சி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி, முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் பட்டியலில் இருந்தது. துரையைக் கண்டால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. கூலி உயர்வு கேட்பவர்கள் நடுவே சைக்கிளை ஏன் இழுக்கிறார்கள் என்று அன்றைய அதிகாரிகளுக்குப் புரிந்திருக்காது. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் புரியும். துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், முன்னணியில் நின்ற ஆர்.எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அடுத்த ஆண்டிலிருந்து ஜப்பானியர் ஆட்சி. சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்களை ஏற்றிப் போனார்கள். பலர் திரும்பவே இல்லை.

இந்தக் காலத்தின் பிள்ளைதான் வீரசாமி திருஞானசம்பந்தன். 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி பேராக்கில், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தேவாரம் பாடிய சம்பந்தரின் பெயர். தந்தை வீரசாமி, அந்த வட்டாரத்தில் ரப்பர் தோட்டத்துக்கு உரிமையாளராக உயர்ந்த இந்தியர்களில் ஒருவர். ஆகவே சம்பந்தன் லயத்து வீட்டில் பிறந்தவர் அல்ல. இதை மறைக்கத் தேவையில்லை. தோட்டத்தை முதலாளி வீட்டு வாசலிலிருந்து பார்த்து வளர்ந்தவர் அவர். ஒரு தோட்டம் கைமாறும்போது கணக்குப் புத்தகத்தில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்ததற்கு அந்த வளர்ப்பும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். பின்னாளில் அந்த அறிவுதான் தொழிலாளிக்குப் பயன்பட்டது.

கோலகங்சாரில் கிளிஃபர்ட் பள்ளியில் படித்தார். பட்டப்படிப்புக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனார். சிதம்பரம் அப்போது சுதந்திரப் போராட்டத்தின் சூட்டில் இருந்தது. காந்தியின் தாக்கம் அவரிடம் கடைசிவரை இருந்தது. 1954இல் சுங்கை சிப்புட்டில் அவர் முயற்சியில் எழுந்த தமிழ்ப் பள்ளிக்கு மகாத்மா காந்தி கலாசாலை என்றே பெயர் வைத்தார். அதைத் திறந்து வைக்க நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்தார். பால்மரம் வெட்டுபவரின் பிள்ளைகள் படிக்கும் ஒரு சிறு நகரப் பள்ளிக்கு, ஐ.நா. பொதுச் சபைக்குத் தலைவராக இருந்த அம்மையார் வந்து நின்ற காட்சியை அந்த ஊர் நெடுங்காலம் பேசியது.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு சுங்கை சிப்புட்டின் பெயர் உலகப் பத்திரிகைகளில் வேறு காரணத்துக்காக அடிபட்டது. 1948 ஜூன் 16ஆம் தேதி அந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடு அவசரகாலத்துக்குள் போனது. அன்றுதான் சம்பந்தனுக்கு இருபத்தொன்பது வயது நிறைந்தது.

அவசரகாலம் தொழிலாளர் இயக்கத்தின் முதுகெலும்பை உடைத்தது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் பல காலம் தோட்டத்தில் உரக்கப் பேசவே ஆட்கள் அஞ்சினார்கள். 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோதுதான் கூலிப் பேச்சுவார்த்தைக்கு மீண்டும் ஒரு குரல் கிடைத்தது.

அரசியலில் நிலைமை வேறு. 1946இல் தோன்றிய ம.இ.கா.வை முதல் பத்தாண்டுகள் நடத்தியவர்கள் பெரும்பாலும் நகரத்து வழக்கறிஞர்களும் ஆங்கிலம் படித்தவர்களும்தான். கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. உறுப்பினராகக்கூடிய லட்சக்கணக்கான தமிழர்கள் தோட்டத்தில் இருந்தார்கள். 1955இல் தலைவரான சம்பந்தன் அந்தக் கதவைத் திறந்தார். கட்சிக் கூட்டங்களில் தமிழ் ஒலித்தது. கங்காணியும் பால்வெட்டுக்காரரும் கிராணியும் கிளைகளில் உட்கார்ந்தார்கள். படித்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். கட்சியின் தரம் இறங்கியது என்று புலம்பியவர்களும் உண்டு. ஆனால் யாருடைய பெயரைச் சொல்லிக் கட்சி பேச்சுவார்த்தை மேசையில் இடம் கேட்டதோ, அவர்களைக் கட்சிக்குள் விட்டது அவர்தான்.

அதே ஆண்டு ஜூலையில் நடந்த பொதுத் தேர்தலில் 52 இடங்களில் 51ஐக் கூட்டணி வென்றது. ம.இ.கா.வுக்கு இரண்டு. கிந்தா உத்தாராவில் வென்ற சம்பந்தனைத் துங்கு அப்துல் ரஹ்மான் தமது முதல் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சராக்கினார். இதில் ஒரு வேதனையான முரண் இருந்தது. தொழிலாளர் அமைச்சர் யாருக்காகப் பேச வேண்டுமோ, அந்தத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தேர்தலில் ஓட்டே இல்லை. குடியுரிமை இருந்தால்தானே ஓட்டு?

சுதந்திரத்தை ஒட்டி குடியுரிமைக் கதவு ஓரளவு திறந்தது. 1957 ஆகஸ்ட் 31க்குப் பிறகு ஓராண்டுக்கு, விண்ணப்பிப்பவர்களுக்கு மலாய் மொழித் தேர்வு தளர்த்தப்பட்டது. அந்த ஓராண்டு எவ்வளவு விலைமதிப்பற்றது என்று நகரத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. தோட்டத்தில் நிலைமை அப்படி இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், ஒரு நாள் கூலியை விட்டு மாவட்ட அலுவலகம் போக முடியாதவர்கள், ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டே முப்பது ஆண்டுகளைக் கழித்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். கட்சி பாரங்களோடு தோட்டங்களுக்குப் போனது. பலர் பதிந்துகொண்டார்கள். பதியாதவர்களும் பலர். அதன் விலை பத்தாண்டு கழித்துத் தெரிந்தது.

1957இல் சுகாதார அமைச்சு. 1959இல் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சு. அடுத்த பத்தாண்டுக்கு மேல் சம்பந்தன் இருந்த இடம் இதுதான். அமைச்சரவையில் இதைப் பெரிய பதவியாக யாரும் எண்ணுவதில்லை. நிதியோ பாதுகாப்போ போலப் பத்திரிகைத் தலைப்புகளுக்கு இது வராது. ஆனால் மக்கள் அன்றாடம் தொட்டுப் புழங்கும் அத்தனையும் இதன் கீழ் வந்தன. சாலையில் குழி விழுந்தால் மண்வெட்டியோடு வரும் கூட்டம் அவருடைய இலாகா. கடிதம் கொண்டுவரும் தபால்காரர் அவருடைய இலாகா. மழையில் கம்பத்தில் ஏறித் தொலைபேசிக் கம்பியை ஒட்டவைப்பவரும் அவருடைய இலாகா. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஆப்பரேட்டர் துணையில்லாமல் நேரே எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி 1962இல் வந்ததும் இந்தக் காலத்தில்தான். 1963இல் திறந்த நாடாளுமன்றக் கட்டடத்தையும், 1965இல் திறந்த தேசியப் பள்ளிவாசலையும் பொதுப்பணி இலாகாவின் கட்டடக் கலைஞர்களே வரைந்தார்கள். திறப்பு விழாக் கல்வெட்டில் மன்னர்கள், தலைவர்கள் பெயர் இருக்கும். சிமெண்ட் கலந்தவரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இருப்பதில்லை. இது மலேசியாவுக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் சுவர்களில் கோயிலுக்கு விளக்கேற்ற ஆடு கொடுத்தவர்களின் பெயர்கூட வெட்டப்பட்டிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், நம் முன்னோர் இதில் நம்மைவிடத் தாராளமாக இருந்தார்கள் போலும்.

ஆனால் சம்பந்தன் நினைக்கப்பட வேண்டியது அமைச்சர் பதவிக்காக அல்ல. அவர் தமது இலாகாவுக்கு வெளியே செய்த ஒரு காரியத்துக்காக.

ஐம்பதுகளில் மலாயாவின் வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனிகள் பதற்றத்தில் இருந்தன. சுதந்திரம் வரப்போகிறது, அதன்பின் என்ன ஆகுமோ என்று தெரியவில்லை. கிடைத்த விலைக்குத் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பல் ஏறலாம் என்று பல கம்பெனிகள் முடிவெடுத்தன. வாங்கியவர்கள் பெரும்பாலும் தோட்டம் நடத்த வந்தவர்கள் அல்லர். சில பேர் சேர்ந்து பணம் போட்டு மொத்தமாக வாங்குவார்கள், அதைத் துண்டு துண்டாக வெட்டி லாபத்துக்கு விற்பார்கள். இதற்குத் துண்டாடல் என்று பெயர் வந்தது. ஆயிரம் ஏக்கர் தோட்டம் சில மாதங்களில் இருபது, முப்பது பேருக்குச் சொந்தமான துண்டுகளாகிவிடும்.

துண்டாடலில் தொழிலாளிக்கு என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நூறு ஏக்கருக்குக் கீழே போனால் அது கணக்கில் தோட்டமே இல்லை, சிறு உடைமை. தோட்டம் என்றால் வீடு, ஆயாக்கொட்டகை, மருந்தகம் என்று நிர்வாகத்துக்குக் கடமைகள் உண்டு. சிறு உடைமைக்காரருக்கு அவை இல்லை. தொழிற்சங்கத்தின் கூலி ஒப்பந்தம் கம்பெனிகளோடு செய்தது. துண்டு வாங்கியவர் அதில் கையெழுத்துப் போட்டவர் அல்லர். அவர் காண்டிராக்ட்காரரிடம் வேலையை விடுவார், காண்டிராக்ட்காரர் குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பார். லயம் யாருடைய துண்டில் விழுந்ததோ அவர் அதைக் காலி செய்யச் சொல்லலாம். தமிழ்ப் பள்ளி ஒருவர் துண்டில், மாரியம்மன் கோயில் இன்னொருவர் துண்டில், சுடுகாடு மூன்றாமவர் துண்டில். மூன்று தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர் ஒரே மாதத்தில் வேலை, வீடு, பிள்ளையின் பள்ளி, குலதெய்வம் என நான்கையும் இழந்தார். நகரத்தில் ஒருவருக்கு வேலை போனால் வேலை மட்டும்தான் போகும்.

இது கற்பனைப் பயம் அல்ல. மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அப்துல் அஜீஸ் 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து 1962இல் தனி நூலாகவே வெளியிட்டார். துண்டாடலைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று தொழிற்சங்கம் கேட்டது. சட்டம் வரவில்லை.

அரசாங்கத்தில் அமைச்சராக இருந்துகொண்டே சம்பந்தன் வேறு வழியைத் தேடினார். தோட்டத்தை விற்கிறார்கள் என்றால் தொழிலாளியே ஏன் வாங்கக்கூடாது? கேட்டவர்கள் சிரித்திருக்க வேண்டும். நாள் கூலி வாங்கி மாதக் கடைசியில் மளிகைக் கடனை அடைப்பவர், லட்சக்கணக்கான வெள்ளி விலையுள்ள தோட்டத்தை வாங்குவதா? ஆனால் ஒருவர் இருவர் அல்ல, பல்லாயிரம் பேர். தமிழ்நாட்டிலும் இங்கேயும் கூட்டுறவுச் சங்கங்கள் பழக்கமானவைதான். தோட்டங்களில் கடன் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்கனவே இருந்தன. 1951 முதல் சேமநிதி வாரியமும் வந்துவிட்டது. சிறுகச் சிறுகச் சேர்ப்பது தொழிலாளிக்குப் புதிதல்ல. சேர்த்ததைக் கொண்டு நிலம் வாங்குவதுதான் புதிது.

1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. ஒரு பங்கின் விலை நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பத்து வெள்ளி அப்போது ஒரு பால்வெட்டுக்காரருக்குச் சில நாள் கூலி. மழை விழுந்து வேலையில்லாத மாதத்தில் அது பெரிய தொகை. அதைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதுதான் கேள்வி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். துரையின் பங்களாவுக்கு மட்டும் போய்வரும் அமைச்சர்களைப் பார்த்திருந்த மக்கள் முன்னால் நின்று, இந்தப் பணம் திரும்பி நிலமாக வரும் என்று விளக்கினார். அவருடன் சங்கப் பணியில் உழைத்தவர்களில் முக்கியமானவர் கே.ஆர். சோமசுந்தரம். பிற்காலத்தில் சங்கத்தின் தலைமைப் பொறுப்பும் அவரிடமே வந்தது.

1961இல் சங்கம் தனது முதல் தோட்டத்தை வாங்கியது. கெடாவில் புக்கிட் சிடிம். வெட்டித் துண்டாகாமல், லயம் லயமாகவே, கோயில் கோயிலாகவே, பள்ளி பள்ளியாகவே அது கைமாறியது. மறுநாள் காலையும் பெரட்டு நடந்திருக்கும். அதே மரம், அதே உளி, அதே மங்கு, அதே ஒட்டுப்பால். ஆனால் மரம் சீவுபவர் பெயர் பங்குதாரர் பட்டியலில் இருந்தது. மலாயாவில் ரப்பர் நட்டு அறுபது எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாகப் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளிகளின் பணத்தில் ஒரு பெரிய தோட்டம் வாங்கப்பட்டது. தொடர்ந்து மற்ற மாநிலங்களிலும் தோட்டங்கள் சேர்ந்தன. உறுப்பினர் எண்ணிக்கை பல பத்தாயிரங்களாக ஏறியது.

இந்தத் திட்டத்தைக் குறை சொன்னவர்களும் இருந்தார்கள், அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. அரசாங்கம் ஒரு சட்டத்தால் நிறுத்தியிருக்க வேண்டியதை, ஏழையின் சட்டைப் பையிலிருந்து பணம் எடுத்து நிறுத்த வேண்டுமா? சங்கம் ஒரு தோட்டத்தை வாங்கும்போது வேறு பல தோட்டங்கள் துண்டாகிக்கொண்டிருந்தன. பங்கு எடுத்தவர்கள் நாடு முழுதும் சிதறியிருந்தார்கள். எல்லோரும் சங்கத் தோட்டத்தில் வாழ்பவர்கள் அல்லர். பங்குதாரர் ஆன பிறகும் பால்வெட்டுக்காரர் பால்வெட்டுக்காரராகவே இருந்தார். இத்தனையும் உண்மை. சட்டத்துக்காகக் காத்திருந்திருந்தால் புக்கிட் சிடிமும் துண்டாகியிருக்கும் என்பதும் உண்மை. அமைச்சரவைக்குள் அவர் இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம் என்று சொல்பவர்கள், பேச்சு எடுபடாத இடத்தில் அவர் ஒரு வேலையைச் செய்து காட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அறுபதுகளின் முடிவு அவருக்குக் கசப்பாக வந்தது. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். 1957இல் பாரத்தை நிரப்பாமல் விட்ட குடும்பங்களுக்கு அப்போதுதான் சிவப்பு அடையாளக் கார்டின் பொருள் புரிந்தது. மூப்படைந்தவர்கள், இங்கேயே பிறந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தாங்கள் வெட்டிய சாலையில் லாரியேறித் துறைமுகத்துக்குப் போனார்கள். சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் அந்த ஆண்டுகளில் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று கணக்கிடுகிறார்கள். 1969 மே 13 கலவரம் இதற்கு நடுவில் வந்தது. கப்பலடியில் நின்று வழியனுப்பிய உறவுகளின் அழுகையைக் கேட்ட தலைமுறை இன்னும் கிள்ளானில் இருக்கிறது. நாட்டை உருவாக்கியவர்களுக்கு நாடு சொன்ன நன்றி அதுவாக அமைந்தது. அமைச்சராக இருந்த சம்பந்தனால் அதைத் தடுக்க முடியவில்லை. அவருடைய பொது வாழ்வின் மிகப் பெரிய தோல்வி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

1972இல் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சரானார். கட்சிக்குள் அதற்குள் பூசல் முற்றியிருந்தது. பதினெட்டு ஆண்டுகள் ஒருவரே தலைவராக இருந்தால் பூசல் வராமல் இருக்காது. எதிரணியில் நின்றவர் கிள்ளானின் நாடாளுமன்ற உறுப்பினர் வெ. மாணிக்கவாசகம். பிரதமர் துன் அப்துல் ரசாக் தலையிட்ட பிறகு, 1973 ஜூனில் சம்பந்தன் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். இரு தரப்புக்கும் தமிழகத்துக் கட்சிப் பூசல்களைப் போலக் கோஷ்டிகள் இருந்தன. அந்தக் காயங்களின் கதை இங்கே வேண்டாம். 1974இல் அமைச்சர் பதவியும் முடிந்தது. தேசிய ஒருமைப்பாட்டு வாரியத்தின் தலைவராகச் சில காலம் பணியாற்றினார்.

பதவிகள் ஒவ்வொன்றாகக் கழன்றபோதும் அவர் விடாமல் பிடித்துக்கொண்டது கூட்டுறவுச் சங்கத்தை. 1979 மே 18ஆம் தேதி, அறுபது வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது, துன் சம்பந்தன் காலமானார். அவருக்குப் போட்டியாக நின்ற மாணிக்கவாசகமும் அதே ஆண்டு அக்டோபரில் மறைந்தார். ஐந்து மாதத்துக்குள் சமுதாயம் இரண்டு பேரையும் இழந்தது.

அவர் பயந்த துண்டாடல் பிறகு வேறு உருவம் எடுத்தது. ரப்பர் மரத்தின் இடத்தில் செம்பனை வந்தது. செம்பனையின் இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று பெரும் விலைக்கு வீடு விற்கும் பல இடங்கள் முன்பு பெரட்டுக் களங்கள். பெட்டாலிங் ஜெயா ஒரு காலத்தில் எஃபிங்ஹாம் தோட்டம். பங்சார் ரப்பர் தோட்டமாக இருந்தது. சுபாங் ஜெயா சீஃபீல்ட் தோட்டத்தின் மண். ஷா ஆலாம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்தில். அங்கே வாழ்ந்தவர்களில் பலர் நகரத்து விளிம்புகளின் புறம்போக்கு வீடுகளுக்கும், பிறகு மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். அவர்களின் பிள்ளைகள் லாரி ஓட்டினார்கள், தொழிற்சாலையில் நின்றார்கள், பாதுகாவலர் சீருடை அணிந்தார்கள், படித்து முன்னேறியவர்களும் உண்டு. இன்று செம்பனைக் குலை வெட்டுவதும், நகரத்துக் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுவதும், காலையில் சாலை கூட்டுவதும் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் கையிலும் பெர்மிட்தான். பெர்மிட் என்ற சொல் 1969இல் லயத்து வீட்டில் எப்படி ஒலித்தது என்று தெரிந்த சமுதாயம், அவர்களைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

கூட்டுறவுச் சங்கம் நிலைத்தது. கோலாலம்பூரில் ஜாலான் சுல்தான் சுலைமானில் அதன் தலைமையகம் விஸ்மா துன் சம்பந்தன் என்ற பெயரோடு நிற்கிறது. அங்குள்ள மண்டபத்தில் நூல் வெளியீடுகளும் கருத்தரங்குகளும் நடக்கின்றன. டான்ஸ்ரீ சோமசுந்தரத்தின் பெயரில் அமைந்த மொழி இலக்கிய அறவாரியம், உலகெங்கும் எழுதும் தமிழ் எழுத்தாளர்களுக்குப் புத்தகப் பரிசு கொடுத்திருக்கிறது. மேடைக்கு வந்து மாலை வாங்கும் எழுத்தாளர்களில் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள் சிலராவது இருப்பார்கள். அந்த மண்டபத்தின் செங்கல்லில் அவர்களின் தாத்தா பாட்டிகள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிய பணமும் இருக்கிறது.